பெரும்பாரைக்கு ராட் வாங்குமுன், வாங்கியபின்

அந்தமானில் பெரும்பாரை என்னும் பெரிய கடல்மீனுக்குப் போகும் தூண்டில் படகுகளில் ஒன்பது சீசன் வேலை பார்த்திருக்கிறேன். மே மாதம் தென்மேற்குக் காற்று பிடித்துப் படகு கரையேறிவிட்டால், உடைந்த ராடுகளை, அதாவது தூண்டில் கம்புகளை, வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் சரிசெய்வேன். அப்படி என் கைக்கு வந்தவற்றில் மீனின் இழுப்புக்கு மட்டுமே முறிந்தவை ரொம்பக் குறைவு. முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பழைய அடி தட்டுப்படும்.

என் முதல் நல்ல ராடும் அப்படித்தான் போனது. 250 கிராம் ஜிக்கை (ஈயத்தில் செய்த பொய் இரை) எங்கும் மாட்டாமல் தொங்கவிட்டபடியே நீல் தீவுப் பக்கம் படகில் போனோம். அலையில் படகு எகிறும்போதெல்லாம் அந்த ஈயம் ராடில் அடித்துக்கொண்டே வந்தது. பார்வைக்குக் கீறல்கூட இல்லை. மூன்று வாரம் கழித்து, எட்டுக் கிலோ இருக்கும் ஒரு சின்னப் பாரைக்கு, பட்டாசு வெடித்த மாதிரி முறிந்தது.

காரணம் ராட் செய்யும் விதத்திலேயே இருக்கிறது. எபாக்ஸி பிசின் ஊறிய கார்பன் துணியை அளவாக வெட்டி, ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த எஃகுக் கம்பியில் சுற்றுவார்கள். அதன்மேல் நாடாவை இறுக்கிச் சுற்றி அடுப்பில் வேகவைத்து, பிறகு கம்பியை உருவிவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வெற்றுக் குழாய். அதைத்தான் பிளாங்க் என்கிறோம். ராட் வளையும்போது வெளிப்பக்கத்து இழை இழுபடும், உட்பக்கத்து இழை நசுங்கும், குழாய் தட்டையாகப் பார்க்கும். தட்டையாகாமல் பிடித்துக்கொள்ளத்தான் சில இழைகளைக் குறுக்காகவும் சுற்றுகிறார்கள். ஓர் இடத்தில் நாலு இழை நொறுங்கியிருந்தாலும் மொத்தச் சுமையும் அங்கே போய் நிற்கும்.

அதனால் கடையில் 24 டன், 30 டன், 40 டன் என்று சொல்லும்போது பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது விறைப்பின் அளவு. டன் ஏற ஏற ராட் மெலிசாகும், எடை குறையும், கூடவே அடி தாங்கும் குணமும் குறையும். நாள் முழுக்க பாப்பர் (நீர்மேல் மிதக்கும் பொய் இரை) வீச வேண்டுமென்றால் கார்பன்தான், இல்லாவிட்டால் தோள் போய்விடும். ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துக்கொண்டு போகும் டிரோலிங்குக்கும், இரை போட்டு ஆழத்தில் காத்திருப்பதற்கும் கண்ணாடி இழையோ கலப்போ போதும், அதுதான் நீண்டநாள் வரும். ஷேக்ஸ்பியர் கம்பெனி 1976இல் கொண்டுவந்த அக்ளி ஸ்டிக் இந்தக் கலப்பு வகைதான்; அதன் நுனி துளையில்லாத கண்ணாடி இழை. இன்றும் படகுக்காரர்கள் வாடகைக்கு அதைக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது கைடுகளை, அதாவது ராடில் நூல் ஓடும் வளையங்களை. சட்டம் ஸ்டெயின்லெஸ் அல்லது டைட்டானியமாக இருக்கட்டும். உள்வளையம் சிலிக்கான் கார்பைடு என்றால் பிரெய்டு (பின்னல் நூல்) ஓடி ஓடித் தேயாது. ஒவ்வொரு கைடுக்கும் இரண்டு கால் இருக்க வேண்டும். கொஞ்சம் பஞ்சை எடுத்து வளையத்துக்குள் சுழற்றுங்கள். பஞ்சு சிக்கினால் விரிசல், வேண்டாம். அப்புறம் ரீல் சீட்டில், அதாவது ராடில் ரீல் உட்காரும் இடத்தில், ரீலை இறுக்கி, இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். இம்மியளவு ஆடினாலும் ஒட்டு சரியில்லை. அலுமினிய சீட் பலமானது, ஆனால் கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டு நடுவில் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி கக்கும். சீட்டின் ஓரத்தில் பசை முழுசாக அடைத்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பது அதற்காகத்தான்.

கைடு போய்விட்டால் நீங்களே மாற்றலாம். வாழ்நாளில் ஒருமுறையாவது செய்து பாருங்கள், ராட் எங்கே பலம், எங்கே பலவீனம் என்று கைக்கே தெரிந்துவிடும். பழைய பூச்சை முடி உலர்த்தும் மெஷினால் சூடாக்கி இளக்கி, பிளேடைக் கைடின் இரும்புக் காலுக்கு மேல் மட்டும் ஓட்டி நூலை வெட்டுங்கள். பிளாங்கில் பிளேடு பட்டால் அதுவே அடுத்த முறிவு. புதுக் கைடின் கால்நுனியை அரத்தால் கத்திமுனை போல மெலிதாகத் தேய்த்து, அடியில் பிசிர் இல்லாமல் வழவழப்பாக்குங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால், ராட் வளையும் ஒவ்வொரு முறையும் அந்த நுனி கார்பனைக் குத்தும். கனமான ராடுக்கு நான் முதலில் பிளாங்கின்மேல் ஒரு அடிச்சுற்று நூல் சுற்றி, அதன்மேல் கைடை வைத்து, மேலே மறுபடி சுற்றுவேன். நூல் டி அளவு, தடித்த ரகம். நூல்சுற்றின்மேல் பூசும் எபாக்ஸி பிசினின் இரண்டு பாகங்களையும் ஊசிக்குழாயில் சமமாக அளந்து கலக்குங்கள். கண்ணளவு வேண்டாம், கொஞ்சம் பிசகினாலும் பசபசவென்று கெட்டியாகாமலே கிடக்கும். பூசியபின் சில மணி நேரம் ராடைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் வழிந்து தொங்கும். ஒரு முழு நாள் தொடாதீர்கள்.

கடலில் இரண்டு விஷயம். டிராகை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, வாயால் கணக்குப் போடாமல் தொங்கு தராசை நூலில் கட்டி இழுத்து அளங்கள். 80 பவுண்டு தாங்கும் பிரெய்டு என்றால் கிட்டத்தட்ட 36 கிலோ; அதில் மூன்றில் ஒன்று 12 கிலோ. நான் பத்துக்கு மேல் வைப்பதில்லை. இன்னொன்று, மீன் படகடியில் வந்ததும் ராடை வானத்தைப் பார்த்துத் தூக்குவது. அப்படித் தூக்கினால் வளைவு முழுக்க மெல்லிய நுனிக்குப் போய்விடும், தடித்த அடிப்பாகம் சும்மா இருக்கும். ராடைத் தாழ்த்துங்கள், அடிப்பாகம் வேலை செய்யட்டும். லீடரை (இரைக்கு முன்னால் கட்டும் தடித்த நூல்) பக்கத்தில் இருப்பவர் கையில் பிடித்துக்கொள்ளட்டும்.

இரண்டு துண்டு ராடு என்றால் இணைப்பை மணிக்கு ஒருமுறை தொட்டு இறுக்குங்கள். வீசி வீசித் தளரும். தளர்ந்த இணைப்போடு வீசினால் குழாயின் வாய் பிளந்துவிடும். உள்ளே நுழையும் ஆண்முனையில் சாதாரண மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கரைக்கு வந்ததும் ரீலைக் கழற்றி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு கைடு காலுக்கு அடியில் போய் உட்காரும். சீட்டின் திருகுமரை, அடிமூடிக்குள் இருக்கும் பள்ளம், கைடு சட்டத்தின் மூலை, இந்த மூன்று இடத்துக்கும் பழைய பல் பிரஷ். நிழலில் நிறுத்திக் காயவைத்து, காய்ந்தபின் ஒரு துணியால் அடியிலிருந்து நுனிவரை துடையுங்கள். துணி எங்கே நூல் இழுத்துக்கொள்கிறதோ, அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.