பழைய ஆண்ட்ராய்டு ஃபோனிலிருந்து புதியதற்கு: சிம்மைக் கடைசியில் மாற்றுங்கள்

புதிய ஃபோன் கைக்கு வந்ததும் பலரும் முதல் வேலையாகப் பழையதிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதியதில் போடுகிறார்கள். அதைக் கடைசியில் செய்வதே நல்லது. படங்களும் தொடர்பு எண்களும் உரையாடல்களும் இடம்பெயர்ந்து முடியும்வரை ஓடிபி எல்லாம் பழக்கமான பழைய ஃபோனுக்கே வரும். நடுவில் ஏதாவது இடறினாலும், முழுமையாக இயங்கும் ஒரு ஃபோன் கையில் இருக்கும்.

தொடர்பு எண்களிலிருந்து தொடங்கலாம். பெயர்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா, ஃபோனின் நினைவகத்தில் மட்டும் இருக்கின்றனவா, சிம்மில் இருக்கின்றனவா என்பதை, ஏதேனும் நான்கைந்து பெயர்களைத் திறந்து, திருத்தும் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் கணக்கில் உள்ளவை புதிய ஃபோனில் அதே கணக்கைச் சேர்த்ததும் தாமாக வந்துவிடும். சிம்மில் உள்ளவற்றைத் தொடர்புகள் செயலியின் வழியாகக் கணக்குக்கு இறக்குமதி செய்வது அவசியம். சிம்மில் ஒரு பெயருக்கு ஒதுக்கப்படும் இடம் மிகக் குறைவு. தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அதிக இடம் பிடிப்பதால், 'மளிகைக்கடை முருகேசன் அண்ணன்' என்று சேமிக்க முயன்றால் பாதியிலேயே அறுந்துபோகும். சிம்மைப் பெயர்ப் புத்தகமாகப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிட இது நல்ல தருணம்.

அடுத்து படங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதியும் இப்போது அதே கணக்கில்தான் சேர்கிறது. ஆகவே இடம் நிரம்பியதால் காப்புப் பிரதி பல மாதங்களுக்கு முன்பே நின்றுபோயிருக்கலாம். ஃபோட்டோஸ் செயலியில் கடைசியாக எடுத்த படம் கூகுள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கேமராவில் எடுத்த படங்கள் மட்டுமே வழக்கமாகத் தாமாக ஏறும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களும் திரைப்பிடிப்புகளும் இருக்கும் கோப்புறைகளை நீங்களே தேர்ந்தெடுத்தால்தான் அவையும் ஏறும். அழைப்புப் பதிவுகள், குரல் பதிவுகள், தயாரிப்பு நிறுவனத்தின் குறிப்பேட்டுச் செயலியில் எழுதியவை ஆகியவற்றையும் தனியே கவனித்து, வேண்டியவற்றைக் கணினியிலோ பென் டிரைவிலோ ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

இனி, நேரடியாக நகலெடுத்தல். புதிய ஃபோனை முதன்முறை இயக்கும்போது, பழைய ஃபோனிலிருந்து தரவை எடுத்துக்கொள்ளலாமா என்று அது கேட்கும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்; பிறகு முழுமையாகச் செய்ய, பல ஃபோன்களில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்க நேரிடும். வைஃபை வழியாகவும் செய்யலாம் என்றாலும், நிறையப் படங்களும் காணொளிகளும் இருந்தால் கேபிளே வேகமானது. இரு முனைகளும் டைப்-சி ஆக உள்ள கேபிள் வேண்டும்; பெட்டியில் வரும் கேபிளின் ஒரு முனை அகன்ற பழைய வகையாக இருந்தால், அந்த முனையை ஃபோனில் செருக உதவும் ஓடிஜி இணைப்பான் ஒன்று தேவைப்படும். இரண்டு ஃபோன்களிலும் போதிய சார்ஜ் இருக்கட்டும். குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல், படங்கள், செயலிகளின் பட்டியல் எல்லாம் இப்படி வந்துவிடும். ஆனால் பல செயலிகள் உள்ளே எதுவுமின்றி வெறும் கூடாகவே வரும், ஒவ்வொன்றிலும் மீண்டும் உள்நுழைய வேண்டும். ஐஃபோனுக்கு மாறுவோர் பழைய ஃபோனில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியை நிறுவி, ஐஃபோனை முதன்முறை அமைக்கும்போதே மாற்றத்தை முடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பையும் அதிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள், ஏனெனில் கூகுள் கணக்கில் உள்ள வாட்ஸ்அப் காப்புப் பிரதியை ஐஃபோனில் மீட்க முடியாது.

மக்கள் அதிகம் தவிப்பது வாட்ஸ்அப்பில்தான். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால், டிரைவ் போன்ற இணையச் சேமிப்பின் துணையே இல்லாமல் உரையாடல்களை நேரடியாக மாற்றலாம். புதிய ஃபோனில் செயலியை நிறுவி அதே எண்ணைக் கொடுங்கள். சிம் பழையதில் இருந்தாலும், அங்கே வரும் ஓடிபியைப் பார்த்து இங்கே தட்டச்சு செய்யலாம். பழைய ஃபோனின் வாட்ஸ்அப் அமைப்புகளில் உரையாடல்கள் பகுதிக்குச் சென்று, உரையாடல்களை இடமாற்றும் வசதியைத் திறந்து, புதிய ஃபோனின் திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டிலும் வைஃபை இயக்கத்தில் இருக்கட்டும். கேட்கும் அனுமதிகளைக் கொடுத்து, முடியும்வரை இரண்டையும் அருகருகே வைத்திருங்கள். டிரைவ் வழியைத் தேர்ந்தெடுப்போர், மாற்றத்துக்குச் சற்று முன் புதிதாக ஒரு காப்புப் பிரதி எடுக்க வேண்டும். காப்புப் பிரதியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கத்தை முன்பு இயக்கியிருந்தால், அதன் கடவுச்சொல்லோ 64 இலக்கத் திறவுகோலோ இல்லாமல் அந்தப் பிரதியைத் திறக்க வழியில்லை, நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது.

கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்புக்கு, அந்த எண்ணை உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் வகைச் செயலியைப் பயன்படுத்துவோர், அதிலுள்ள ஏற்றுமதி வசதியின் வழியே கணக்குகளைப் புதிய ஃபோனுக்கு மாற்றி, அங்கே தோன்றும் எண்ணைக் கொண்டு ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே பழையதைத் தொட வேண்டும்.

இப்போது சிம்மை மாற்றலாம். யூபிஐ செயலிகள், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து தாமே ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் ஃபோனை உறுதிசெய்கின்றன. ஆகவே அந்தச் சிம் புதிய ஃபோனிலேயே இருப்பதும், குறுஞ்செய்தி அனுப்புமளவு ரீசார்ஜ் இருப்பதும் கட்டாயம். இரு சிம் உள்ளவர்கள் சரியான சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய கருவியில் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு, பொதுவாக 5,000 ரூபாய் வரம்பு இருக்கும் என்பதால், வாடகை, கல்விக் கட்டணம் போன்றவற்றை முன்கூட்டியே செலுத்திவிடுவது உத்தமம். அதே சிம்மை இடம் மாற்றாமல், அதே எண்ணுக்குப் புதிய சிம் வாங்கினாலோ, ஃபோனுக்குள்ளேயே அமைந்த இ-சிம்முக்கு மாறினாலோ, 24 மணி நேரம்வரை குறுஞ்செய்திச் சேவை நிறுத்திவைக்கப்படும். வெள்ளிக்கிழமை மாலை சம்பளம் வந்த கையோடு அதைச் செய்ய வேண்டாம்.

பழைய ஃபோனை ஒரு வாரமாவது அப்படியே வைத்திருங்கள். விற்கவோ பிறருக்குத் தரவோ முடிவெடுத்தபின், வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, கூகுள் கணக்கை நீக்கி, திரைப்பூட்டையும் எடுத்துவிட்டு, அதன் பிறகே எல்லாத் தரவையும் அழிக்கும் மீட்டமைப்பைச் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால், வாங்கியவரிடம் ஃபோன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கக்கூடும். மெமரி கார்டு இருந்தால் அதைக் கழற்றிக்கொள்ளுங்கள். மீட்டமைப்பு வழக்கமாக அதிலுள்ளவற்றை அழிப்பதில்லை.