பிரஷர் குளிசை போட்டால் தலை சுற்றுகிறதா? நாங்கள் விடுகிற பிழைகள்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் இந்தக் கதை அடிக்கடி கேட்கும்: "பிரஷர் குளிசை தலையைச் சுத்துது, நான் விட்டுட்டன்." விட்டது பிழைதான். ஆனால் தலையைச் சுற்ற வைத்த பிழை பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்திருக்கும்.

என் அம்மா கிளினிக் நாளில் இரத்தம் குத்த வேண்டுமென்று வெறும் வயிற்றோடு போவார். சாப்பிடவில்லை என்பதால் குளிசையும் போடமாட்டார். வெயிலில் வரிசையில் நின்று களைத்துப் போய், கதிரையில் இருந்த கையோடு பிரஷர் பார்த்தால் என்ன காட்டும்? மேல் எண் 170. மருந்து போதவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டிவிட்டார். அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கூட்டிய அளவை ஒரு நாளும் தவறாமல் போட்டார். மூன்றாம் நாள் விடியப்புறம் கட்டிலால் எழும்பிக் குசினிக்குப் போகிற வழியில், கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்து கீழே இருந்துவிட்டார்.

குளிசை போடாத நாளின் பிரஷருக்கு எழுதிய மருந்தை, குளிசை போடுகிற உடம்புக்குக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிற நாளிலும் பிரஷர் குளிசையை வெறும் தண்ணீரோடு போட அநேகமாக விடுவார்கள். சீனி வருத்தக் குளிசையின் கதை வேறு. முதல் கிளினிக்கிலேயே இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போடாமல் போயிருந்தால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை.

இதற்கு அடுத்த பிழை, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது. தனியாரிடம் வாங்கிய பெட்டியில் ஒரு கம்பனிப் பெயர், கிளினிக்கில் தந்ததில் இன்னொரு பெயர். சின்ன எழுத்தை வாசித்தால் இரண்டும் லோசார்டன். எங்கே போனாலும் வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் 'தலைச்சுற்று' என்று ஒரே சொல்லில் முடிப்பது. படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால் அது காதுப் பிரச்சினையாக இருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு வேர்த்து, கை நடுங்கினால் முதலில் சீனியைப் பார்க்க வேண்டும். எழும்பி நின்றதும் கண் இருட்டுவதுதான் பிரஷர் மருந்தோடு அதிகம் சம்பந்தப்பட்டது. நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். உடனே குழாய்கள் இறுகி, இதயம் வேகமாக அடித்து அதைச் சமாளிக்கும். வயதும் சில மருந்துகளும் அந்தச் சமாளிப்பை மந்தமாக்கும். பிராசோசின் இதற்குப் பேர் போனது, அதுவும் முதல் குளிசையிலேயே.

வீட்டில் மெசின் இருந்தால் 5 நிமிடம் அமைதியாக இருந்து ஒருமுறை பாருங்கள். எழும்பி நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். அம்மா எழுதிக்கொண்டு போன பக்கத்தைப் பார்த்துத்தான் டொக்டர் அளவைத் திரும்பக் குறைத்தார்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. சுடுதண்ணீர் தோலடி இரத்தக் குழாய்களை விரிக்கும். அம்லோடிபினும் குழாயை விரித்துத்தான் பிரஷரை இறக்குகிறது. இரண்டும் சேர்ந்த நேரத்தில் குனிந்து வாளியைத் தூக்கிச் சட்டென்று நிமிர்ந்தால், ஈரச் சீமெந்துத் தரையில் விழ அவ்வளவே போதும். ஆறுதலாக, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு குளியுங்கள்.

தலை சுற்றியதும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். பிரஷர்காரருக்கு அதை நாளாந்த வைத்தியமாக்கக் கூடாது. உடனடியாகச் செய்ய வேண்டியது, இருக்க வைப்பது அல்லது படுக்க வைத்துக் காலை உயர்த்துவது. வயிற்றோட்டமோ வாந்தியோ இருந்தால் அன்றே டொக்டரைக் கேளுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது லோசார்டன், எனலாப்ரில், சிறுநீர் போக வைக்கும் குளிசைகள் ஆகியவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அந்த நேரத்தில் உளைவுக்கென்று டைக்குளோபினாக்கும் போட்டால் இன்னும் மோசம்.

நீங்களாகவே மருந்தை நிறுத்த வேண்டாம். அட்டெனோலோல், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென விட்டால் பிரஷர் முன்பிருந்ததை விடவும் ஏறலாம். நேற்று மறந்ததை இன்று இரட்டிப்பாகப் போடுவதும் கூடாது.

மயங்கி விழுந்தால், நெஞ்சு நொந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால் கொப்பியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.