ஆராவுடன் வரும் மைக்ரேன்: நேரம் தவறும் இடங்கள்

படித்துக்கொண்டிருக்கும் வரியின் நடுவே இரண்டு எழுத்து காணாமல் போகும். கண்ணைக் கசக்கினாலும் திரும்பாது. சில நிமிடத்தில் அந்த இடத்தைச் சுற்றி மினுமினுக்கும் கோணல்மாணல் கோடு ஒன்று எழும்பி, பிறையாக வளைந்து, விரிந்துகொண்டே ஓரத்துக்கு நகரும். இருபது முப்பது நிமிடத்தில் பார்வை தெளியும், பிறகு தலைவலி தொடங்கும். சிலருக்கு வலி வராமலேயே போவதும் உண்டு. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வரும் இந்தப் பார்வை மாற்றம்தான் ஆரா. இதைக் கையாள்வதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை நேரத்தைப் பற்றியவை: எப்போது மாத்திரை போடுவது, மாதத்தில் எத்தனை நாள் போடலாம், எதைப் பார்த்ததும் காத்திருக்காமல் ஓட வேண்டும்.

கண் கோளாறு என்று நினைப்பது

ஆரா உருவாவது கண்ணில் அல்ல, பின்தலையில் பார்வைக்கான மூளைப் புறணியில். நரம்பணுக்களின் செயல்பாடு ஒரு கணம் கொதித்து, பிறகு அடங்கிப்போகும் அலை ஒன்று அங்கே நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது. பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர் லேயோ 1944-இல் முயலின் மூளையில் இந்த அலையைப் பதிவு செய்தார். அலை மெதுவாக ஊர்வதால்தான் கோடும் மெதுவாக விரிகிறது.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மாற்றி மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் அதே கோடு தெரிந்தால் அது மூளையிலிருந்து வருவது. ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால், அதிலும் கரும்புள்ளிகள் மிதந்து திரை இறங்குவதுபோல் மறைத்தால், விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி பவர் மாற்றி மாற்றிக் கண்ணாடி போடுவதாலோ, சைனஸ் என்று ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவதாலோ மைக்ரேன் குறையாது.

"வழக்கமா வர்றதுதானே" என்று படுத்துவிடுவது

ஆராவில் மரத்துப்போவதும் ஊர்ந்துதான் வரும். விரல் நுனியில் குறுகுறுப்பு தொடங்கி, முழங்கை ஏறி, உதட்டுக்கும் நாக்குக்கும் போகப் பத்து இருபது நிமிடம் ஆகும். பக்கவாதம் அப்படியல்ல. முகம், கை, பேச்சு எல்லாம் பெரும்பாலும் ஒரே நொடியில் போகும். மினுமினுப்பு இருக்காது, பார்வை வெறுமனே இல்லாமல் போகும்.

கை கால் தளர்ந்தால், வழக்கமில்லாத விதத்தில் பேச்சு குழறினால், ஒரு அறிகுறி 60 நிமிடத்தைத் தாண்டினால், இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி வந்தால், 40 வயதுக்குப் பிறகு வாழ்க்கையில் முதன்முறையாக ஆரா வந்தால், "பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. தளர்ச்சியும் பேச்சுக் குழறலும் திடீரென வந்தால் 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தூங்கி எழுந்து பார்ப்பதற்கு அதில் இடமில்லை. ஐந்தாம் மாதம் தாண்டிய கர்ப்பிணிக்குப் புதிதாகத் தலைவலியும் கண்ணில் மின்னலும் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தத்தைத்தான். மைக்ரேன் என்று நாமே பெயர் வைத்துவிடக் கூடாது.

மாத்திரையைத் தள்ளிப்போடுவது, குறைத்துப் போடுவது

"தாங்க முடியாமல் போனால் பார்க்கலாம்" என்பதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. மைக்ரேன் வந்தால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிறது. விழுங்கிய மாத்திரை குடலுக்கு இறங்காமல் வயிற்றிலேயே கிடக்கும், கடைசியில் வாந்தியோடு வெளியே வந்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுவிட்டு "எனக்கு எந்த மாத்திரையும் கேட்கறதில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். அளவும் போதுவதில்லை. பெரியவர்களுக்கு பாராசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலும் எடுபடாது, 1000 மி.கி. வேண்டும். இப்யூப்ரோஃபென் என்றால் 400, நாப்ராக்ஸென் என்றால் 500 மி.கி. மருத்துவர் சொல்லியிருந்தால் குமட்டலுக்கு டாம்பெரிடோன் 10 மி.கி. கூடவே எடுத்துக்கொள்ளலாம். வலி மாத்திரை இறங்கவும் அது உதவும்.

இப்யூப்ரோஃபெனையும் நாப்ராக்ஸெனையும் ஆரா தொடங்கியதுமே போடலாம். மைக்ரேனுக்கென்றே உள்ள, சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகளுக்குக் கணக்கு வேறு. ஆரா ஓடும்போது போட்டால் ஆராவும் நிற்காது, பின்னால் வரும் வலியையும் அது பெரும்பாலும் தடுக்காது. வலி தொடங்கிய உடனே, லேசாக இருக்கும்போதே 50 அல்லது 100 மி.கி. போட வேண்டும். வலி குறைந்த பிறகு திரும்ப வந்தால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று போடலாம், 24 மணி நேரத்தில் 200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. முதல் மாத்திரை கொஞ்சமும் கேட்கவில்லையென்றால் அதே வலிக்கு இரண்டாவது போட்டுப் பயனில்லை. இதய நோய், முன்பு வந்த பக்கவாதம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், ஒரு பக்கம் செயலிழக்கும் வகை மைக்ரேன் உள்ளவர்களுக்கு டிரிப்டான் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இப்யூப்ரோஃபென் வகையைத் தவிர்க்க வேண்டும். தலைவலியோடு காய்ச்சலும் இருந்தால், குறிப்பாக டெங்கு பரவும் மாதங்களில், பாராசிட்டமால் மட்டுமே.

மெடிக்கல் ஷாப் ஸ்டிரிப்பைப் படிக்காமல் விழுங்குவது

தலைவலிக்கென்று கேட்டால் கவுன்டரில் நீட்டும் மாத்திரைகளில் சிலவற்றில் எர்காட்டமைன், கஃபீன், பாராசிட்டமால், குமட்டல் மருந்து எல்லாம் ஒன்றாக இருக்கும். எர்காட்டமைன் ரத்தக் குழாயைச் சுருக்கும். அதையும் டிரிப்டானையும் 24 மணி நேர இடைவெளி இல்லாமல் போடக் கூடாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது எர்காட்டமைன் போட்டால் கைகால் விரல்களுக்கு ரத்தம் போகாமல் அழுகும் அளவுக்கு ஆபத்து உண்டு. ஸ்டிரிப்பைத் திருப்பிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

இதைவிடப் பரவலான சிக்கல், மாத்திரையே தலைவலியை வளர்ப்பது. டிரிப்டான், எர்காட்டமைன், கலவை மாத்திரைகள் மாதத்துக்கு 10 நாளோ அதற்கு மேலோ, பாராசிட்டமாலும் இப்யூப்ரோஃபெனும் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் இந்த நிலை வரலாம். எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, நாட்களை. தினசரி காலண்டர் தாளில் வலி வந்த நாளுக்கு ஒரு குறியும் மாத்திரை போட்ட நாளுக்கு இன்னொரு குறியும் போட்டு வந்தால், மாதக் கடைசியில் மருத்துவரிடம் காட்ட அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

கருத்தடை மாத்திரை விஷயத்தில் வாய் திறக்காமல் இருப்பது

ஆரா உள்ள பெண்களுக்குப் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் அதை மேலும் கூட்டும், புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை ஆரா உள்ளவர்களுக்கு வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையிலும் அது இருக்கிறது. பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் முறையற்ற மாதவிடாய்க்கும் எழுதும் மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் "தலைவலி வரும்" என்று மட்டும் சொன்னால் போதாது. "வலிக்கு முன்னால் கண்ணில் கோடு தெரியும்" என்று சொல்ல வேண்டும். காப்பர்-டி, ஈஸ்ட்ரோஜென் இல்லாமல் புரொஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டுமே உள்ள மாத்திரை என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

தூண்டுதலைத் தவறாகப் பிடிப்பது

சாக்லேட் தின்றேன், வலி வந்தது என்பார்கள். ஆனால் கொட்டாவி, கழுத்து இறுக்கம், இனிப்பு தின்னும் ஆசை எல்லாம் பலருக்கு மைக்ரேன் தொடங்கிவிட்டதன் முதல் கட்டமே. உணவுப் பட்டியலை வெட்டிக்கொண்டே போவதைவிட, வேளை தவறாமல் சாப்பிடுவதும் தூங்கி எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாமல் இருப்பதும் அதிகம் உதவும். விரதம் இருப்பவர்கள் தண்ணீரையாவது விடக் கூடாது. காபியைத் திடீரென நிறுத்தினாலும் தலைவலி வரும், படிப்படியாகக் குறையுங்கள். வீட்டுக்குள் நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சம் இன்னும் அதிகமாகக் குத்தும். வண்டி ஓட்டும்போது கோடு தோன்றினால் ஓரங்கட்டி, பார்வை முழுதாகத் தெளியும்வரை நில்லுங்கள்.

தடுப்பு மருந்தைப் பாதியில் விடுவது

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி வந்தால் தினசரித் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனாரிசின், டோபிராமேட் எதுவானாலும் சரியான அளவில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்தால்தான் பலன் தெரியும். இரண்டே வாரத்தில் "கேட்கலை" என்று விடுவது அந்த மருந்துக்கு வாய்ப்பே தராதது. ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் ஆகாது, எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. டோபிராமேட்டில் விரல் குறுகுறுக்கும், அதை ஆரா என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அதனால் சிறுநீரகக் கல்லும் வரலாம், அது வராமலிருக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். டோபிராமேட்டும் இன்னொரு தடுப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் கருவைப் பாதிக்கும், ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முதல் சீட்டு எழுதும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.