கப்பல் ஜூனோவில் நிற்கும்போது மெண்டன்ஹால் பனியாற்றை நாமே போய்ப் பார்த்து வருவது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிற வீடுகளில், "அலாஸ்கா கப்பலுக்குக் கூப்பிடுறாங்க" என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போய்வந்ததிலிருந்து, மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள்கூட நிறுத்திக் கேட்பது ஒன்றுதான்: கப்பல் கம்பெனி டூர் எடுக்காமல் பனியாற்றைப் பார்க்க முடியுமா? முடியும். முட்டி வலி உள்ளவர்களோடும் முடியும். கப்பல் புக்கிங், விசா விஷயங்களுக்குள் நான் போகப்போவதில்லை. ஒன்று மட்டும்: வான்கூவரில் கப்பல் ஏறுவதானால் அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் கையில் இருக்க வேண்டும்.

பனியாறு என்றால் தண்ணீர் ஓடுகிற ஆறு இல்லை, மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்குகிற பெரிய பனிக்கட்டித் திரள் (glacier). அலாஸ்காவில் பனியாறுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலவற்றைக் கப்பல் தளத்தில் நின்று எட்டத்திலிருந்துதான் பார்க்க முடியும். மெண்டன்ஹால் அப்படியல்ல. கப்பல் நிற்கிற ஜூனோ டவுனிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர், நல்ல தார் ரோடு. மலைமேல் பரந்து கிடக்கிற ஜூனோ பனிவெளியிலிருந்து 21 கிலோமீட்டர் போல இறங்கி வருகிற பனியை ஏரிக்கரையில் நின்று பார்க்கலாம். அதனால்தான் தனியாகப் போகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

முதல் வேலை: திரும்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

மலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. மேட்டுப்பாளையத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டுதானே கோயமுத்தூரில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருகிறோம்? அதே கணக்குதான்.

கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்க்காதீர்கள். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று தனியாக ஒன்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது அரைமணி நேரம் முன்னால் இருக்கும். இரவு 9 மணிக்குப் புறப்பாடு என்றால் 8.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் பின்னால் வாருங்கள்: 7 மணிக்குத் துறைமுகத்தில் நிற்க வேண்டும். அப்படியானால் 6 மணிக்குப் பனியாற்றுப் பஸ் ஸ்டாப்பில் வரிசையில் நிற்க வேண்டும். துறைமுகத்துக்கும் பனியாற்றுக்கும் போய்வருகிற ஷட்டில் பஸ்ஸில் அரைமணிப் பயணம்தான். ஆனால் சாயங்காலம் நாலைந்து கப்பல் ஆட்கள் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், முதல் வண்டியில் இடம் கிடைக்காது. மதியம் 1 மணிக்குக் கப்பல் வந்தால், 2.30 முதல் 6 வரை உங்களுடையது. நிதானமாகப் பார்க்க அது தாராளம்.

ஏன் இவ்வளவு பத்திரம் என்றால், கப்பல் கம்பெனி டூர் தாமதமானால் அவர்கள் பொறுப்பு. நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம்தான், ஆனால் வெளியூரிலிருந்து அதற்கு ரோடு கிடையாது. விமானம் அல்லது படகு பிடித்து அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் ஓட வேண்டும். அதற்காகத்தான் அசல் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஜிப் கவரில் போட்டுக் கோட்டின் உள்பையில் வையுங்கள் என்கிறேன். நகல் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கடிகாரம்: இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்

சியாட்டில், வான்கூவர் நேரத்தைவிட அலாஸ்கா ஒரு மணி நேரம் பின்னால். பல கப்பல்கள் கடிகாரத்தை மாற்றச் சொல்லி முந்தின இரவே அறிவிக்கும். சில கப்பல்கள் தங்கள் நேரத்திலேயே ஓடும். போனோ, கரையில் டவர் கிடைத்ததும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பலில் இருக்கும்போது ஒரு நேரம், இறங்கியதும் வேறு நேரம் காட்டும். அதில் எது கப்பல் நேரம் என்று கரையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் மனம் பனியாற்றில் நிற்காது.

இதற்குக் கைக்கடிகாரம்தான் சரி. அப்பா தன் பழைய சாவி கொடுக்கிற ஹெச்.எம்.டி. கடிகாரத்தைக் காலையில் கப்பல் வாசலில் இருந்த பெரிய கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருப்பி வைத்தார். இறங்கும் வழியில் எழுதி வைத்திருந்த ஏறும் நேரத்தை நான் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க எங்களுக்கு அப்பா கைதான் நேரம். ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம், அதுவும் போனோடு சேர்ந்து மாறிவிடும்.

எதில் போவது

துறைமுகத்தில் இறங்கியதும் மவுண்ட் ராபர்ட்ஸ் ரோப் கார் நிலையத்தைத் தேடுங்கள். அதை ஒட்டி ஷட்டில் டிக்கெட் விற்கிற கவுண்டர்கள் இருக்கும். என் ஓட்டு ஷட்டிலுக்கே. பனியாற்று வாசலில் இறக்கிவிடும், திரும்பவும் அங்கேயே ஏறலாம். ஒரே சிக்கல், பனியாற்றுக்கு வண்டி விட அனுமதி அளவோடுதான் கொடுக்கிறார்கள், கூட்ட நாளில் டிக்கெட் தீர்ந்துவிடும். கப்பல் ஏறும் முன்பே ஆன்லைனில் வாங்கிவிடுவது நல்லது.

டவுன் பஸ்ஸும் உண்டு. கட்டணம் 2 டாலர். கண்டக்டர் கிடையாது, சரியான சில்லறையைப் பெட்டியில் போட வேண்டும், மீதி வராது. ஆனால் கடைசி ஸ்டாப்பிலிருந்து பனியாறு வரை 2.4 கிலோமீட்டர் நடை. இளவட்டங்களுக்குப் பரவாயில்லை. நம் அப்பா, அம்மாவுக்கு அந்தத் தெம்பை அருவிப் பாதைக்கு மிச்சம் வைப்பதே மேல்.

டாக்ஸியில் போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. அங்கே போன் சிக்னலை நம்ப முடியாது. போகும்போதே திரும்பும் நேரத்தைப் பேசி வைக்காமல் ஏறாதீர்கள்.

சாப்பாடு கொண்டுபோகாதீர்கள்

நம்மவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். எலுமிச்சை சாதப் பொட்டலம், முறுக்கு, அதிரசம் எதுவும் வேண்டாம். அங்கே நடைபாதைகளில் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. காரணம் கரடி. கோத்தகிரியில் எண்ணெய் வாசனைக்குக் கரடி கடைக்கதவை உடைப்பதைப் பார்க்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்டீப் க்ரீக் என்ற ஓடைக்கு கோடைக்கடைசியில் சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிட ஏறி வரும், அவற்றைப் பிடிக்கக் கருங்கரடிகள் வரும். உயர்த்திக் கட்டிய மரப்பாதையில் நின்று பார்க்கலாம். எதிரே வந்தால் ஓடாதீர்கள், வழிவிட்டு மெல்லப் பின்வாங்குங்கள். கப்பலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

உடை

ஊட்டியில் ஜூலை மாதம் எப்படியோ அப்படியே: 13 முதல் 18 டிகிரி, நினைத்தபோது மழை. புதிதாக ஜாக்கெட் வாங்கச் செலவழிக்காதீர்கள். வீட்டு ஸ்வெட்டர், அதன்மேல் டக்பேக் மாதிரி மழைக்கோட்டு. குடை வேண்டாம், பனியிலிருந்து இறங்கி வருகிற காற்று அதைத் திருப்பிப்போடும். பிடிப்பு உள்ள ஷூ அவசியம்.

அங்கே போய்

1962ல் கட்டிய பார்வையாளர் மையம் இருக்கிறது. அதற்கும் போட்டோ பாயின்டுக்கும் சிறு கட்டணம் உண்டு, கார்டு கையில் இருக்கட்டும். மையத்தைக் கட்டிய காலத்தில் பனி இன்னும் பக்கத்தில் இருந்தது, வருடாவருடம் பின்வாங்கிக்கொண்டே போகிறது. உள்ளே உள்ள பழைய போட்டோக்களை முதலில் பாருங்கள். பிறகு வெளியே வந்து ஏரியைப் பார்த்தால் அந்தத் தூரம் மனதில் உறைக்கும்.

அடுத்து நக்கெட் அருவிப் பாதை. போக ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான், ஏறக்குறைய சமதளம். அம்மா இரண்டு இடத்தில் மட்டும் உட்கார்ந்தார். முடிவில் 115 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. அருகே போனால் பேச்சுக் கேட்காது, சாரல் முகத்தில் அடிக்கும். அங்கிருந்து பனி நேர் எதிரே தெரியும். மேகமூட்டமான நாளில்தான் அந்த நீலம் நன்றாகத் தெரிகிறது என்பது என் அனுபவம். பல வருடப் பனி ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேறி இறுகும்போது, வெளிச்சத்தில் சிவப்பை அது உறிஞ்சிக்கொள்கிறது, நீலம் மட்டும் நமக்கு வருகிறது. ஏரித் தண்ணீர் சாம்பல் கலங்கலாக இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைக்காதீர்கள். பனி நகரும்போது பாறையை அரைத்த மாவு அது. தலைகுந்தாவில் ஜனவரிக் காலையில் புல்மேல் படிகிற உறைபனியை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு மலைப்பள்ளத்தையே நிரப்பி நிற்கிற பனியின் எதிரே நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

பிறகு சேர்த்தவை

பனிமேல் நடக்கலாமா என்று அருவங்காட்டிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார். இந்தப் பக்கத்திலிருந்து வழியில்லை. ஹெலிகாப்டர் டூர்களே அதற்கு. பனிக்குகை என்று யாராவது ஆசைகாட்டினால் போகாதீர்கள், முன்னறிவிப்பில்லாமல் இடியும்.

ஆகஸ்டில் கப்பல் போட்டிருக்கும் ஒரு அக்காவுக்காக இது. பனியாற்றின் பக்கவாட்டில் சூசைட் பேசின் என்ற பள்ளம் இருக்கிறது. மழையும் உருகிய நீரும் அதில் தேங்கி, பனி அணையின் அடியில் வழி கண்டு ஒரேயடியாக வெளியேறும். 2011லிருந்து இப்படி நடக்கிறது. 2023, 2024 ஆகஸ்டில் ஆற்றோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த நாட்களில் பனியாற்றுப் பகுதியை மூடிவிடுவார்கள். முந்தின இரவே செய்தி பாருங்கள், ஷட்டில் டிக்கெட்டைத் திருப்பிக்கொடுக்க முடியுமா என்பதை வாங்கும்போதே கேட்டு வையுங்கள். மூடியிருந்தால் மவுண்ட் ராபர்ட்ஸ் ரோப் காரில் ஏறுங்கள். பனியாற்றுக்கு ஈடாகாது, ஆனால் காஸ்டினோ கால்வாயும் கீழே நிற்கிற நம் கப்பலும் மேலிருந்து நன்றாகத் தெரியும். திரும்பும் வண்டிக்கு வரிசையில் நிற்கும் கவலையும் இல்லை, இறங்கினால் துறைமுகம்.