அதிக விலை சொல்லும் உரிமையாளரிடம் பழைய வீட்டைப் பேசி முடிப்பது எப்படி?

சென்னைப் புறநகரில் தனி வீடு விற்பவர்கள் விலையை மொத்தமாகத்தான் சொல்வார்கள். "ஒண்ணு அஞ்சு. ஃபைனல்." அதாவது ஒரு கோடியே ஐந்து லட்சம். நீங்களும் பதிலுக்கு "எண்பது தர்றேன்" என்று மொத்தமாகச் சொன்னால் காபி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். அந்த மொத்தத்தை உடைத்துப் பேசுவதுதான் இங்கே வேலை. மூலப் பத்திரம், பட்டா, லீகல் ஒப்பீனியன் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இது விலை பற்றி மட்டும்.

1. மனையையும் கட்டடத்தையும் பிரித்து எழுதுங்கள்

எக்செல் வேண்டாம், ஒரு ஏ4 தாள் போதும். பிறகு இதையே உரிமையாளர் முன்னால் வைக்கப்போகிறோம். லேப்டாப்பைத் திறந்தால் பெரியவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. அதில் 1,000 சதுர அடியில் 25 வருடப் பழைய ஆர்சிசி வீடு. அந்தத் தெருவில் மனை சதுர அடி 5,500 என்று கொள்வோம். (எண்கள் கணக்குக்காக. உங்கள் ஏரியாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.)

மனை: 1,200 × 5,500 = 66 லட்சம்.
இதே வீட்டை இன்று புதிதாகக் கட்ட: 1,000 × 2,400 = 24 லட்சம்.
தேய்மானம்: 60 வருட ஆயுள், கடைசியில் 10% மிச்ச மதிப்பு. 25 ÷ 60 × 90% = 37.5%. அதாவது 9 லட்சம்.
கட்டடத்தின் இன்றைய மதிப்பு: 15 லட்சம்.
மொத்தம்: 81 லட்சம்.

வங்கிகளின் மதிப்பீட்டாளர்கள் தனி வீட்டுக்குப் போடும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். போர்வெல், மாடுலர் கிச்சன், சோலார் எல்லாவற்றையும் இன்றைய பழைய பொருள் விலையில் தனியாகச் சேருங்கள். மாடிக்கு பிளான் அப்ரூவல் இல்லையென்றால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். வங்கி அதைக் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

2. அந்த 5,500 எங்கிருந்து வருகிறது?

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற வீட்டு விளம்பரத் தளங்களில் இருப்பது கேட்கும் விலை, கைமாறிய விலை அல்ல. உரிமையாளரும் அதைப் பார்த்துத்தான் விலை சொல்லியிருப்பார். நீங்களும் அதையே பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றும்.

தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்க்கும் இடத்துக்குப் போய், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்துக் கடைசி மூன்று வருடங்களைப் பாருங்கள். வாங்கப்போகும் வீட்டுக்கு மட்டும் போடாமல், அதே லேஅவுட்டின் பக்கத்து உட்பிரிவுகளுக்கும் போடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் விற்பனையே நடக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நகர சர்வே முடிந்த பகுதிகளில் பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பட்டாவில் வார்டு, பிளாக், புதிய எண்ணும் இருக்கும். இரண்டிலும் தேடிப் பாருங்கள்.

வரும் பதிவுகளில் கிரையப் பத்திரங்களை, அதாவது விற்பனைப் பத்திரங்களை மட்டும் எடுங்கள். செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுப்பது), பாகப்பிரிவினை எல்லாம் குடும்பத்துக்குள் நடப்பவை. அந்தத் தொகைகள் சந்தை விலை ஆகாது. கிரையத்திலும் பத்திர மதிப்பு, அரசு அந்தத் தெருவுக்கு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்போடு அச்சு அசலாக ஒத்துப்போனால் ஒதுக்கிவிடுங்கள். மீதி ரொக்கமாகக் கைமாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

நம்பத் தகுந்த பதிவு வேறு மாதிரி இருக்கும். கிரையம் முடிந்த அன்றோ சில நாட்களிலோ அதே சொத்தில் ஒரு வங்கியின் பெயரில் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு வரி வரும். பக்கத்திலேயே கடன் தொகையும் இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடன் 60 லட்சம் என்றால் வங்கி அந்த வீட்டுக்குக் குறைந்தது 75 லட்சம் மதிப்புப் போட்டிருக்கிறது. அதிலிருந்து கட்டட மதிப்பைக் கழித்து மனைப் பரப்பால் வகுத்தால் சதுர அடி விலை கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். இப்படி மூன்று பதிவுகள் கிடைத்தால் எந்தத் தரகரின் பேச்சையும்விட அது பெரிய ஆதாரம்.

தெரு அகலத்தையும் பாருங்கள். 40 அடி ரோட்டு மனை விலையை 20 அடி சந்துக்கு ஒட்டவைப்பதுதான் விற்பவர்கள் அதிகம் செய்யும் வேலை.

3. அவர் கணக்கைக் கண்டுபிடியுங்கள்

மேலே உள்ள வீட்டுக்கு 1.05 கோடி எப்படி வந்தது? பெரும்பாலும் இப்படி இருக்கும்: மெயின் ரோட்டு ரேட்டில் மனை 6,500, ஆக 78 லட்சம். கட்டடத்துக்குத் தேய்மானமே இல்லாமல் 24, மரவேலைக்கு 3. வித்தியாசம் 24 லட்சம். அதில் மனையில் 12, கட்டடத்திலும் மரவேலையிலும் 12. எதை முதலில் பேசுவது? மனையை. அதற்கு உங்களிடம் பதிவு ஆதாரம் இருக்கிறது. கட்டடம் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டியது. அதில் முதலில் கை வைத்தால் கோபம்தான் வரும்.

இன்னொரு ரகம் "எனக்குக் கைக்கு இவ்வளவு வரணும்" என்பவர்கள். இவர்கள் வரியை விலையில் ஏற்றியிருப்பார்கள், அதுவும் விற்கும் தொகை முழுவதற்கும் வரி என்று நினைத்து. வரி லாபத்துக்கு மட்டுமே. 23.7.2024க்கு முன் வாங்கிய வீடென்றால், இந்தியாவில் வசிப்பவர், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தாமல் 12.5%, உயர்த்திக் கணக்கிட்டு 20% என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். வேறு வீடு வாங்கினால் அதற்கும் விலக்கு உண்டு. ஒரு ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டணத்தை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

4. பேசும் முறை

தரகர் வழியாக எண்ணைச் சொல்லி அனுப்பாதீர்கள். நேரில் போங்கள், தாளை அவர் பக்கம் திருப்பி வையுங்கள்.

"சார், வீட்டைக் குறை சொல்ல வரலை. மனைக்கு இந்த மூணு பத்திரம் பார்த்தேன். இதுல எது தப்புன்னு நீங்க சொல்லுங்க."

"தம்பி, இந்த வாசக்கால் பர்மா தேக்கு. இப்ப கிடைக்குமா?"

"கிடைக்காது சார். அதுக்குத் தனியா ஒரு லைன் போடுவோம். எவ்வளவு போடலாம்?"

அவரே ஒரு தொகை சொல்லட்டும், அதை எழுதுங்கள். ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ இதில் போகும். ஆனால் இனி பேச்சு உங்கள் தாளில்தான் நடக்கும். "சுவர் ஓதம் அடிக்குது, பாத்ரூம் பழசு" என்று அடுக்குவது பலன் தராது. ஓதம் இருந்தால் சரிசெய்யும் செலவுக்கு ஒரு கொத்தனாரிடம் கொட்டேஷன் வாங்கி அதையும் ஒரு வரியாகப் போடுங்கள்.

முதல் எண் உங்கள் கணக்கைவிட 4, 5 லட்சம் மட்டும் குறைவாக இருக்கட்டும். 81க்கு 76 சொல்லலாம். 60 சொன்னால் தாளுக்கே மரியாதை போய்விடும்.

5. வங்கி மதிப்பீட்டை வாயால் சொல்லாதீர்கள், கணக்காகக் காட்டுங்கள்

வங்கி 80 லட்சம் மதிப்புப் போட்டால் கடன் 64 லட்சம். விலை 1.05 கோடி என்றால் கையிலிருந்து 41 லட்சம், முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என 9.45 லட்சம். மொத்தம் 50 லட்சத்துக்கு மேல். விலை 86 என்றால் 22 லட்சமும் 7.74 லட்சமும்தான், 30க்குள் முடியும். "கடன் வாங்கி வர்ற யாருக்கும் இதே கணக்குதான் சார்" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

இந்த இடத்தில் "பத்திரத்துல கம்மியா போட்டு மீதியை கேஷா கொடுங்க" என்று வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். உங்களுக்குக் கடன் குறையும், நாளை விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் ஏறும்.

6. விலை இறங்காதபோது

காலி செய்ய மூன்று மாதம் கூடுதல் அவகாசம், அட்வான்ஸ் 10க்குப் பதில் 20 சதவீதம், அவர் வாங்கும் அடுத்த வீட்டின் தேதிக்கு ஏற்ற பதிவு. இவை பல நேரம் இரண்டு மூன்று லட்சத்துக்குச் சமம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் நீங்கள் 1% டிடிஎஸ் (விற்பவர் கணக்கில் அரசுக்குக் கட்டும் முன்வரி) பிடிக்க வேண்டும் என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். பதிவு நாளில் சொன்னால் தகராறு. நல்ல நாள் பார்ப்பவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் வரமாட்டார்கள், அந்த மாதங்களில் போய்ப் பேசுங்கள். அப்போதும் படியவில்லையா? தாளை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள், கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

பிற்சேர்க்கை: பூர்வீக வீடு, நாலு பேர் கையெழுத்து

இதைப் பற்றித்தான் நிறையக் கேள்விகள். அண்ணன் சரி என்பார், தங்கை "எனக்கு இன்னும் ரெண்டு" என்பார். மகள்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறந்து மூத்தவரிடம் மட்டும் பேசி முடிக்காதீர்கள். எல்லோரும் ஒரே இடத்தில் அல்லது ஒரே வீடியோ காலில் இருக்கும்போது மட்டும் எண்ணைச் சொல்லுங்கள். 8 லட்சம் வித்தியாசம் என்பதை ஆளுக்கு 2 லட்சம் என்று சொல்லுங்கள், மலை மாதிரித் தெரிந்தது இறங்கிவிடும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் டிடிஎஸ் விதியே வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள். அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்பும் பவர் பத்திரத்துக்கு (தனக்காகக் கையெழுத்திட வேறொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்), அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அது கைக்கு வரும்வரை டோக்கனுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். வந்ததும் எல்லோரும் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். வில்லங்கத்தில் ஏறிவிடும் என்று குடும்பம் தயங்கினால், ரத்துப் பத்திரம் எப்போது, எந்த நிபந்தனையில் எழுதித் தருவீர்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.