குருத்துப்பூச்சிக்கு ஒட்டுண்ணி அட்டை

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நடவு முடித்தவர்களுக்கு. நெல் இலை நுனியில் பழுப்புப் பஞ்சு ஒட்டினாற்போல் தெரிந்தால் அது குருத்துப்பூச்சியின் முட்டைக்குவியல். கண்ணில் பட்டால் கிள்ளி எடுத்துவிடுங்கள். நடவு செய்த 30, 37ஆம் நாட்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற குட்டிக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டையைக் கட்டலாம். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 2 சிசி (அட்டையில் ஒட்டிய முட்டைகளின் அளவு, கன சென்டிமீட்டரில்). இந்தக் குட்டிக் குளவி பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டுவிடும், புழுவே வெளிவராது. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள்.

அட்டையைத் துண்டுகளாக வெட்டி, வயல் முழுக்கப் பரவலாக இலையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். சாயங்காலம்தான் சரி, மதுரை வெயில் அதற்கு ஆகாது. வரப்போரம் வேண்டாம், எறும்பு தின்றுவிடும். அப்புறம், அட்டை கட்டிய கையோடு பூச்சிமருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும். முன்னும் பின்னும் ஒரு வாரமாவது தெளிப்பானைத் தொடாதீர்கள்.