பழைய ரிகர்வ் வேட்டை வில்லுக்குப் புது மெருகு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கிரேலிங்கில் 1960களில் பியர் ஆர்ச்சரி நிறுவனம் செய்த ரிகர்வ் வில் (முனைகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில்) கிடைத்தால், உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். நாணைக் கழற்றிவிட்டு, வில்லின் இரு கைகளின் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்களின்) ஓரங்களிலும் பஞ்சை மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் ஃபைபர்கிளாஸ் நார் கிளம்பியிருக்கிறது. பிறகு பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, ஃபைபர்கிளாஸுக்கும் நடுவிலுள்ள மேப்பிள் மரத்துக்கும் இடையே ஓடும் பசைக்கோட்டைப் பாருங்கள். அது எங்காவது வாய் பிளந்திருந்தால் அந்த வில் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே. வார்னிஷில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்புகளுக்குப் பயப்பட வேண்டாம். நகம் தட்டும் குறுக்கு வெடிப்பு ஆபத்தானது.

பெயின்ட் ரிமூவர் வேண்டவே வேண்டாம். அது பசையையும் ஃபைபர்கிளாஸையும் பதம் பார்த்துவிடும். ஹீட் கன்னும் கூடாது. முகமூடி அணிந்து, 320 எண் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். வழியும் நீர் பால்போல இருக்கும்வரை தேய்படுவது வார்னிஷ்தான். ஃபைபர்கிளாஸின் கறுப்போ பழுப்போ நீரில் கலந்தால் அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். வில்லின் பலமே அந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

மாடல் பெயர், வரிசை எண், இழுவிசைக் குறிப்பு, பிடியில் பதித்த உலோகப் பதக்கம் ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அழிந்த எழுத்தை எவராலும் மீட்க முடியாது. பிடியை மரரேகை ஓடும் திசையிலேயே 220, 320 என்று தேய்க்கலாம். பிடியைச் செதுக்கி மெலிதாக்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்; மாற்றம் வேண்டுமானால் மெல்லிய தோல் சுற்றுங்கள், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

மெருகுக்கு என் தேர்வு, துப்பாக்கிக் கட்டைகளுக்குப் பூசும் ட்ரூ-ஆயில். விரல் நுனியில் ஓரிரு சொட்டு எடுத்து, மிக மெல்லிய படலமாகப் பரப்புங்கள். ஓர் இரவு காய்ந்ததும் 0000 எண் ஸ்டீல் வூலால் (மிக நுண்ணிய எஃகு நார்) தடவி, தூசியைத் துடைத்து, அடுத்த பூச்சு. ஆறேழு பூச்சு போதும். வேட்டைக்குப் போகும் வில் பளபளத்தால் மான் கண்டுகொள்ளும். கடைசிப் பூச்சையும் ஸ்டீல் வூலால் மங்கவைத்துவிடுங்கள்.

புது நாண் பி-50 போன்ற, சற்றே நீளும் டேக்ரான் (பாலியெஸ்டர்) நூலாக இருக்கட்டும். நீளாத நவீன நாண்கள் பழைய வில்லின் முனைக் காடிகளைப் பிளந்துவிடக்கூடும். நாணேற்ற, அதற்கென்றே உள்ள கயிற்றைப் பயன்படுத்துங்கள். காலிடுக்கில் வைத்து வளைத்தால் வில்லின் கை முறுக்கிக்கொள்ளும். முதல் நாள் பாதி தூரம் மட்டும் இழுத்து, நாணை விடாமல் மெல்லத் தளர்த்துங்கள். சத்தம் ஏதும் இல்லையென்றால் முழுவதும் இழுத்துப் பார்க்கலாம்.